எட்டு

ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறு.
பரானா ஆற்றின் மேல் மூடுபனி இன்னும் விலகவில்லை.
டிக்கெட் அறைக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்;
உள்ளே அதே இர்மா, அதே கம்பளித் தொப்பி.
"இந்த வருஷமும் கணக்கெடுப்பா?" என்கிறாள்.
தண்ணீர் மீட்டர் படிப்பது என் பிழைப்பு.
லீவு நாளிலும் கை நோட்டைத் தேடுகிறது.

சிங்கக் கூண்டில் துடைப்பம் பதினொன்று,
உடைந்த தள்ளுவண்டி இரண்டு.
கதவுக்கு மட்டும் பழைய பழக்கத்தில்
இரட்டைப் பூட்டு.

வெள்ளைக் கரடிக்கு வெட்டிய குளத்தில்
(சிமெண்டுப் பனிப்பாறைக்கு நீலம் அடித்தவன்
பனிப்பாறையைக் கண்டதில்லை என்று
அப்போதே தெரியும்)
இப்போது கேப்பிபாராக்கள் ஏழு.
உச்சியில் ஒன்று ஏறி உட்கார்ந்து
வெயில் வரட்டும் என்று முதுகைக் காட்டியிருந்தது,
வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரர் மாதிரி.

குரங்குத் தீவு: படகு இல்லை, குரங்கு இல்லை.
தீவு இருக்கிறது.

ஃபிளமிங்கோக்கள் போன வருஷத்தைவிட வெளுத்துவிட்டன.
பெசோ விழுந்தால் தீவனத்தில் இறால் குறையும்,
இறால் குறைந்தால் சிவப்பு.
விலைவாசியை இறகில் எழுதி
ஒற்றைக்காலில் நின்று காட்டுகின்றன.

புதிதாக ஒரு பலகை:
"இந்த விலங்கு விரும்பினால் தென்படும்."
பின்னால் ஆளுயரப் புல், ஒரு பொந்து.
முன்பு இதே இடத்தில் நெட்டைக்கால் ஓநாய்
போக வழியில்லாமல் திரும்ப இடமில்லாமல்
எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது.
இருபது நிமிஷம் நின்றேன்.
பக்கத்தில் ஒரு அப்பா, தோளிலிருந்த பையனிடம்,
"காலி. அடுத்ததுக்குப் போவோம்."
பையன் இறங்கமாட்டேன் என்றான்.
புல் அசைந்ததாம்.
எனக்கு எதுவும் தெரியவில்லை.
நோட்டில் "இருக்கிறது" என்று எழுதினேன்,
பூட்டிய வீட்டுக்கு
உத்தேசமாக ஒரு அளவு போடுவோமே, அப்படி.

யானைக் கொட்டகை காப்பிக்கடை ஆகிவிட்டது.
பெர்லிதாவை மூன்று வருஷம் முன்பு
லாரியில் ஏற்றி, எல்லை தாண்டி,
வேலி கண்ணுக்குத் தெரியாத ஒரு காட்டுக்கு அனுப்பினார்கள்.
ஊரே தெருவில் நின்று கையசைத்தது.
நான் அன்று ஒராசியோ வீட்டு மீட்டர்
தலைகீழாகச் சுற்றுவதை
நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில், என் தலைக்கு ஒரு முழம் மேலே,
கல் பளபளக்கிறது. உரசி உரசி.
அதற்குக் கீழே மெனு மாட்டியிருக்கிறார்கள்.
தரையைப் பெயர்க்கவில்லை.
"பழைய தரை, அழகு" என்றார் முதலாளியம்மா.
அதில் ஒரு பள்ளம், விரல் கனம்தான்:
இந்த முனையில் வளைந்து
நடுவில் தன்னையே வெட்டி
அந்த முனையில் வளைந்து.
கால் விழுந்து விழுந்து அங்கங்கே
தட்டுத் தட்டாக இன்னும் கொஞ்சம் ஆழம்.
முப்பத்தொரு வருஷம் ஒரு உடம்பு போட்ட எட்டு.

பரிமாறுகிற பையன் பெயர் நாவுவேல்.
வெளியூர். பெர்லிதாவைப் பார்த்ததில்லை.
பள்ளத்தில் மேசை நிற்காது, ஆடும்.
அதனால் எல்லா மேசையும் பள்ளத்துக்கு வெளியே.
மிச்சமிருக்கும் வழியில் நடக்கிறான்
கையில் கோப்பைகளோடு:
இந்த முனையில் வளைந்து, நடுவில் குறுக்கே,
அந்த முனையில்.
ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை. எண்ணினேன்.
ஆறு மணிக்கு ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு
கதவைத் தானே திறந்து போய்விடுவான்.
அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

காசை வைத்துவிட்டு எழுந்தபோது
கால் தானாகப் பள்ளத்தில் இறங்கியது.
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நடந்தேன்.
அவளுடைய ஒரு எட்டுக்கு
என்னுடையது இரண்டரை.