ஏறும் வழி

இரவு பதினொன்றே முக்காலுக்கு மொக்கராசைக் கொண்டுவந்தார்கள்.
பழங்காநத்தம் வளைவில் படியிலிருந்து சரிந்தவர்.
கம்பியைப் பிடித்த கை கம்பியோடு நின்றுவிட
உடம்பு மட்டும் ரோட்டுக்குப் போயிருக்கிறது.
வலது தோள் குழியை விட்டு வெளியே,
சட்டைக்குள் ஒரு கொய்யாக்காய் முட்டிக்கொண்டு.
இடது கையில் தோல்பை.
அதைத் தரமாட்டேன் என்றார்.
டிப்போவில் இன்னும் கணக்கு முடிக்கவில்லையாம்.

எடை கேட்டேன். அறுபத்திரண்டு.
ஒன்றேகால் மில்லி கெட்டமின் எடுத்தேன்.
பார்க்க வெறும் தண்ணீர்.

"மயக்க ஊசியா டாக்டரம்மா?"

மயக்கம் என்றும் சொல்ல முடியாது.
கண் திறந்திருக்கும். மூச்சு அதுபாட்டுக்குப் போகும்.
எச்சில் ஊறும்.
விளக்க அங்கே நேரமில்லை.
இங்கே சொல்கிறேன், மொக்கராசு, உங்கள் பாஷையில்.

தண்டுவடத்திலும் மூளையிலும்
நரம்பும் நரம்பும் சந்திக்கிற நிறுத்தங்களில்
எண்ணி மாளாத சின்னக் கதவுகள்.
குளூட்டமேட் கை காட்ட வேண்டும்,
கிளைசின் விசில் கொடுக்க வேண்டும்,
அப்போதும் படியில் ஒரு மக்னீசியம்
அடைத்துக்கொண்டு நிற்கும்.
உள்ளே போ என்றால் போகாது, இறங்கவும் செய்யாது,
காலேஜ் பையன் மாதிரி.
வலி மேல் வலி வந்து நரம்பை உலுக்கினால்தான்
தெறித்து விழும்.
பிறகு கால்சியம்: முகூர்த்த நாள் கூட்டம்.
அத்தனையும் ஏறி முடித்தால்
வண்டியே கத்த ஆரம்பிக்கும்.

கெட்டமின் கதவை உடைப்பதில்லை.
திறக்கும்வரை காத்திருக்கும்.
யாருக்காகவோ திறந்த வழியில் தானும் ஏறி
நடுவில் குந்திக்கொள்ளும்.
கதவு சாத்தினாலும் உள்ளேயே.
பின்னால் வருகிறவர்களுக்கு இடமில்லை.
எந்தக் கதவு ஓயாமல் அலறித் திறக்கிறதோ
அங்கேதான் அது அதிகம் ஏறுகிறது.
இதைப் படித்த அன்று
விடுதி மொட்டைமாடியில் நெடுநேரம் நின்றிருந்தேன்.
எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.

ஒரு நிமிடம்.
விழிகள் இடமும் வலமும் ஊசலாடின,
ஜன்னலோரம் உட்கார்ந்து மின்கம்பங்களை எண்ணுகிறவர்போல.
எலும்பு டாக்டர் இன்னாசி
அக்குளில் போர்வையைச் சுற்றி எதிர்ப்பக்கம் ஆள் பிடிக்க
கையை மெதுவாக இழுத்தார்.
டொக்.
"ஏறிருச்சு" என்றார் வார்டு பாய்.
மொக்கராசு முகத்தில் ஒரு சுளிப்பில்லை.
அது யாருடைய தோளோ.
அவர் ஊர்களைக் கூவிக்கொண்டிருந்தார்:
பசுமலை, மூலக்கரை, திருப்பரங்குன்றம்,
அதற்கப்புறம்
எந்தத் தடத்திலும் இல்லாத இரண்டு பெயர்கள்.

பையை எடுத்துவைக்கப் பார்த்தேன்.
இந்த மருந்துக்குத் தசை தளராது,
புத்தகத்திலேயே இருக்கிறது.
விரல்கள் விடவில்லை.

பன்னிரண்டேகாலுக்குத் திரும்பி வந்தார்.
முழுசாக அல்ல. பாதி வழியில் என்னைப் பார்த்து,
"லேடீஸுக்குக் காசு வேணாம்மா.
ஆனா சீட்ட வாங்கிக்கங்க,
செக்கிங் ஏறுவான்."

தூளிக் கட்டிலிருந்து நீட்டிய இரண்டு விரல்கள்
காற்றில் ஒன்றைக் கிழித்தன.
வாங்கிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.