மேல்மடைக்காரி

ஆறாம் வாரம், சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு வந்தது அ நாடு:
நதி பிறக்கும் மலை, மூன்று அணை, ஏழு கோடிச் சனம்.
டேமியனுக்கு ஆ நாடு:
கழிமுகம், உப்பேறும் மண், இரண்டு கோடி.
குறில் மேலே, நெடில் கீழே என்று
நோட்டில் எழுதிவைத்தேன், மறக்காமலிருக்க.
நதிக்கு மட்டும் பெயர் இல்லை.
பெயர் வைத்தால் உணர்ச்சி வந்துவிடும்
என்றார் முனைவர் ஹெஸ்டர்.

நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே.
அங்கே வந்து சேரும்போது
வாய்க்காலுக்குத் தான் வாய்க்கால் என்கிற நினைப்பே இருக்காது.
டேமியனின் அப்பாவுக்குக் குவீன்ஸ்லாந்து எல்லையில் பருத்தி.
ஆற்று வெள்ளத்தை இழுத்துத் தேக்க
பண்ணைக்குள்ளேயே ஏரி அளவில் ஒரு தொட்டி.
சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான்.
விதியில் இடமில்லை.

ஏப்ரல் கடைசியில் கான்பராவில்
மரங்கள் சொல்லிவைத்தாற்போல் மஞ்சளாகின்றன.
நூலக மாடிச் சன்னலில் ஏரி தெரியும்.
ஏரி என்கிறார்கள்.
மேற்கே மதகு போட்டு நிறுத்திவைத்த ஆறு அது.
தலைநகருக்கு முகம் பார்க்க
ஒரு கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது.

அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி
மூன்று வாரம் நான் அ நாடாக இருந்தேன்.
பங்கு என்று சொல்லாதே, பயன்பகிர்வு என்று சொல்.
அவன் வறட்சி என்றால் நீ தரவு கேள்.
முடியாது என்று ஒருபோதும் சொல்லாதே,
கூட்டுத் தொழில்நுட்பக் குழு என்று சொல்.
இரவில் பெல்கானன் உணவகத்தில் தட்டுக் கழுவும்போது
ஷரத்துகளை உதட்டுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.
குழாய் அது பாட்டுக்குத் திறந்து கிடக்கும்.

பேச்சுவார்த்தை அன்று
டேமியன் எழுந்து நின்று தடுமாறினான்.
கீழே இருப்பவனின் தொழில் காத்திருப்பது.
அவனுக்கு அதில் முன்னனுபவம் இல்லை.
அணையில் எத்தனை அடி என்று
காலைப் பேப்பரின் மூலையில் தேடி வளர்ந்தவன் இல்லை.
எத்தனை டிஎம்சி என்று கேட்டான்.
எந்தத் தேதி என்று கேட்கவில்லை.
எவ்வளவு என்பதா பயிர்? என்றைக்கு என்பதல்லவா.

அவன் எங்கெங்கே உடைத்துக்கொண்டு வர முடியும் என்று
எனக்குத் தெரியும்.
அங்கெல்லாம் முன்கூட்டியே மண் வெட்டிப் போட்டிருந்தேன்.

கையெழுத்தானது. பத்தாண்டு ஒப்பந்தம்.
நான்காம் ஷரத்தில் இரண்டு சொல் என்னுடையவை:
உபரி இருப்பின்.
வகுப்பு கைதட்டியது. எண்பத்து நான்கு மதிப்பெண்.

வெளியே காப்பிக்கு நிற்கும்போது டேமியன் கேட்டான்,
உங்கள் ஊரில் பெரிய அணை இருக்கிறதா?
இருக்கிறது, என்றேன். மேலே.

அன்று இரவு அண்ணனுக்குப் போன்.
திட்டுவான் என்று நினைத்தே சொன்னேன்.
கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன்,
திட்ட உரிமை உள்ளவன்.
இளமாறன் சிரித்தான்.

"இத கத்துக்கவா ஆஸ்திரேலியா போன?
நமக்குக் கீழ சகாயராணி கொல்ல கெடக்குல்ல, அர மா?
வருசா வருசம் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு
வரப்புல வந்து நிக்கும்.
நானும் இதத்தான் சொல்லுவேன்.
மிச்சம் இருந்தா வுடுறேன்க்கா."

கடைமடை என்றுதான் இருபத்தைந்து வருஷமாக
எங்களைச் சொல்லிவந்தேன்.
விசா நேர்காணலில்கூடச் சொன்னேன்.
அந்த வரப்புக்கு அந்தப் பக்கம்
ஒருத்தி நின்றுகொண்டிருந்தது
சின்ன வயதில் கண்ணால் பார்த்தது.
பாதம் வரை சேறு, ரப்பர் வளையல்.
நான் கல்லெறிந்து நண்டு விரட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் குறிப்பு ஒன்று தர வேண்டும்:
இப்பயிற்சியில் நீங்கள் கற்றது என்ன, ஆயிரம் சொல்லில்.
வெப்பமூட்டி டக்டக்கென்றது.
முதல் வரியில் சகாயராணி என்று எழுதினேன்.
பெயர் கூடாது என்பது
பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடிக்கவில்லை.