கழிவு

கொழுந்து நிறுக்கையில்
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு
கழிப்பார் ஞானசீலன் ஐயா.
சொட்டு மழையில்லாத மாசியிலும்
ஈரத்துக்கு இரண்டு.
கணக்கு என்பது எழுதுகிறவர் கையில்
என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பதினெட்டாம் நம்பர் மலையில் கக்கூஸ் இல்லை.
பத்தொன்பதிலும் இல்லை.
நிரையை விட்டு இறங்கி
மானாப் புல்லுக்குப் பின்னால் குந்துகிற தடவையெல்லாம்
கூடை காத்திருக்கும், கொழுந்து காத்திருக்காது.
அந்தியில் அரைப்பேர்.
அமுர்தவள்ளி என்ற என் பேரில்
எந்தப் பாதியைப் போட்டார்களோ.

கண்டி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து
பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள்.
படமும் காட்டினார் டாக்டர்.
கொப்புளம் விழுந்த தேயிலையைத்
திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது.
தேயிலைக்கு வந்திருந்தால்
மறுநாளே மருந்தடித்திருப்பார்கள்.

வில்வங்காய், கோரைக்கிழங்கு, மாதுளந்தோடு.
மூன்றையும் காய்ச்சி, வடித்து,
சாற்றைத் தூளாக்கிக் கூட்டில் அடைத்த குளிசை.
எலிக்குக் குணமாகியிருக்கிறதாம்.
"எலிக்குத்தான், அக்கா" என்று
இரண்டு தரம் சொன்னாள் சுதர்மா மிஸ்.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு,
யாருக்கு எதுவென்று அவளுக்கும் தெரியாது,
பழைய வெள்ளைக் குளிசையை மட்டும் நிறுத்தாதே.
கையெழுத்துப் போட்டேன்.

ஒரு கொப்பி தந்தார்கள், கட்டம் கட்டமாக.
எத்தனை தரம் போனாய். ரத்தம் உண்டா.
ஒன்றையும் கழிக்காமல் எழுது என்று
என்னிடம் கேட்ட முதல் கொப்பி.

அதில் நான் பொய் எழுதினேன்.
எட்டென்றால் ஐந்து, ஏழென்றால் நாலு.
பார்த்ததும் அவள் முகம் மலரும்.
மாத்தளையிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிற பிள்ளை,
வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?

ஆறாம் வாரம், கிளினிக் வாங்கில்,
கம்பளை நிஸ்தாரும் நானும்
ஆளுக்கொரு கூட்டை உடைத்து நக்கிப் பார்த்தோம்.
செய்யக் கூடாதுதான்.
அவருடையது கசப்பு,
நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு.
என்னுடையது வறுத்த அரிசிமா.

நிஸ்தார் மருந்து கொடுக்கிற ஜன்னலைப் பார்த்தார்.
வெகுநேரம் கழித்து,
"கொப்பியில எத்தனை?"
"நாலு. உங்களுக்கு?"
"நாலு."
அவருடையது நெசம்.

மருந்துக்கும் நாலு, மாவுக்கும் நாலு.
ஹட்டன் பஸ்ஸில், ஜன்னலோரம்,
கினிகத்தேனை தாண்டும்போதுதான் உறைத்தது:
என் மரியாதை அந்த மருந்தைக் கொன்றுகொண்டிருக்கிறது.

அன்றிரவு காம்பராவில்
மகள் தூங்கியதும் கொப்பியை விரித்தேன்.
அழிக்கக் கூடாது,
ஒரே கோடு போட்டு வெட்டி
பக்கத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம்.
நிஜத்தை எங்கே தேடுவது?
சம்பளத் துண்டை எடுத்தேன்.
அரைப்பேர் விழுந்த நாளெல்லாம் எட்டு.
முழுப்பேர் கிடைத்த இரண்டு நாளும் ஐந்து.
தீபாவளி வாரத்தில்
'ஞாபகம் இல்லை' என்று எழுதினேன்.

மிஸ் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.
திட்டவில்லை. மலரவும் இல்லை.
"இந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்வார்களோ தெரியாது, அக்கா."
"மிச்ச வாரம் இருக்கே" என்றேன்.
"உங்களுக்கு மாவுதான் என்று தெரிந்துமா?"
தெரிந்ததை அவளிடம் நான் சொல்லவே இல்லை.
அவள் குனிந்து கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் வாரம், செவ்வாய்.
காலையில் ஒரு மாவு, ராத்திரி ஒரு மாவு.
போனது ஏழு தரம். ரத்தம் கொஞ்சம்.
மலை முழுக்க மழை, அதற்குக் கட்டம் இல்லை.
புல்லுக்குப் பின்னால் அட்டை கடித்த ரத்தம் வேறு,
அதைச் சேர்க்கவில்லை.
ஈரத்துக்கு ஒன்றும் கழிக்கவில்லை.