பாலம் தூக்கும் நேரம்

ஒன்பது மணிக்கு நீச்சல் வகுப்பு.
வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர்,
அதில் ஆறு எதிர்காற்று.
ஃப்ரீஸ்லாந்தில் அக்டோபர் என்றால் அப்படித்தான்.

எங்களுக்கு ஒரு வரிசை உண்டு.
முன்னால் ஹிஸ்கே, காற்றை உடைக்க.
அவள் வண்டியின் மரத்தொட்டிக்குள்
மூன்று வயது வித்ஸ்கே,
கழற்றிய காலுறையைக் கொடிபோல் ஆட்டிக்கொண்டு.
பின்னால் யெல்மர்,
போன வாரம்தான் பெரிய சைக்கிளுக்கு மாறியவன்.
அவனுக்கு இடப்பக்கம் நான்.
என் இடது கை ஹேண்டிலில்
வலது கை அவன் முதுகில்.

அது தள்ளுகிற கை இல்லை.
காற்று அறையும்போது மட்டும்
கொஞ்சம் கனம் கூட்டுவேன்,
தானே மிதித்தோம் என்று
அவன் நம்பும் அளவுக்கு.

புல்வெளியில் ஆடுகள் எல்லாம்
காற்றுக்குப் புட்டத்தைக் காட்டி நின்றன.
"விவரமான பிராணிகள்" என்றாள் ஹிஸ்கே, திரும்பாமலே.
எதிர்காற்றில்
முன்னால் போகிறவர் முணுமுணுத்தாலும் பின்னால் கேட்கும்.
பின்னால் வருகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும்
முன்னால் போய்ச் சேராது.
எங்கள் வீட்டில் பல விஷயங்கள்
இப்படித்தான் முடிவாகியிருக்கின்றன.

"கையை எடு" என்றான் யெல்மர்.
எடுத்தேன்.
முதுகு அப்படியே போனது,
கொஞ்சம் கோணலாக,
பிறகு நேராக.

அப்போதுதான் காலுறை பறந்தது.
வித்ஸ்கே வீறிட்டாள்.
ஹிஸ்கே நிறுத்தினாள்.
நான் வண்டியைச் சாய்த்துவிட்டு
நாணலுக்குள் முழங்கால் வரை இறங்கினேன்.
ஈரமும் சேறுமாய் அதை மீட்டு நிமிர்ந்தபோது
மணி அடித்தது, பாலத்து மணி.
தடுப்புக் கட்டை இறங்கியது.
யெல்மர் அந்தப் பக்கம்.

பாலத்தின் தட்டு எழுந்தது,
எழுந்து சுவராகி நின்றது.
கரையோரம் ஓடிக் கழுத்தை நீட்டினேன்.
பாலக்காரரின் அறை குறுக்கே மறைத்தது.
அவன் சைக்கிள் கொடியின்
ஆரஞ்சு முனை மட்டும் தெரிந்தது.
அது அசைந்தது.
காற்றிலா, அவனாலா?

பாய்மரப் படகில் வயதான ஒரு தம்பதி,
உலகத்தில் உள்ள நேரம் முழுவதும் அவர்களுடையது.
பாலக்காரர் தூண்டில் கழியில் கட்டிய மரச்செருப்பை
அவர்களை நோக்கி மெல்ல ஆட்டினார், சுங்கக் காசுக்கு.
அவர் இந்தப் பையைத் துழாவினார்.
அவள் அந்தப் பையைத் துழாவினாள்.
என் பணப்பையையே வீசியிருப்பேன்.

மல்லாந்து பத்து விநாடி மிதப்பான்.
தவளைபோல் காலை உதைப்பான், பாதி தூரம்.
உடுப்போடு குதிக்கும் பாடம்
அடுத்த மாதம்தான்.

"அசையாதே யெல்மர்!" என்று கத்தினேன்.
காற்று அதை என் வாய்க்குள்ளேயே திணித்தது.
ஹிஸ்கே ஒன்றும் பேசவில்லை.
தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள்,
விரல் முட்டிகள் வெள்ளையாக.

பிறகு அவன் குரல் வந்தது,
தண்ணீரைத் தாண்டி, தெளிவாக,
பக்கத்தில் நின்று பேசுவதுபோல.
எங்களிடம் இல்லை,
ஒரு வாத்திடம்.

"தள்ளி நில்.
கரையிலிருந்து மூன்று அடி.
பிரேக்கைப் பிடி.
உனக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லை."

ஹிஸ்கே சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.
காற்றுதான் காரணம் என்றாள்.

பாலம் இறங்கியது.
ஒரு கால் தரையில்,
இரண்டு பிரேக்கும் இறுக்கி,
யெல்மர் நின்றிருந்தான்.
வாத்து மூன்று அடியை மதிக்கவில்லை.
"எவ்வளவு நேரம்!" என்றான் எங்களிடம்.

கிளம்பினோம்.
யாரும் சொல்லாமலே வரிசை மாறியிருந்தது.
அம்மாவுக்குப் பக்கத்தில் அவன்,
எதையோ விடாமல் பேசிக்கொண்டு.
அவர்கள் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.
வகுப்புக்குப் பதினொரு நிமிடம் தாமதம்.

வேலையில்லாத வலது கையைக்
கோட்டுப் பைக்குள் விட்டேன்.
உள்ளே சில்லென்று ஏதோ.
காலுறை.
அதைப் பிடித்தபடியே
மீதி வழியை மிதித்தேன்.