காட்சிக்கு மட்டும்

இந்தக் கடையில் கட்டிப்போட்டிருக்கும் ஒரே பொருள் அதுதான்.
முதுகில் எஃகுக் கயிறு,
ஓரத்தில் 'காட்சிக்கு மட்டும்' ஸ்டிக்கர்.
விலைச்சீட்டை நான்தான் எழுதினேன்:
ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் ஷில்லிங்.
நான்காவது பூஜ்யத்தில் பேனா மக்கர் செய்தது.

நைரோபியில் ஏப்ரல் என்றால் மழை.
ஒதுங்க இடம் தேடுகிறவர்கள்
எங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.
தொடலாமா?

தொடலாம்.
நான் ஒப்பிக்கிறேன்: டைட்டானியம் விளிம்பு,
இருநூறு மெகாபிக்சல், நூறு மடங்கு ஜூம்,
ஏழு வருடத்துக்கு அப்டேட்.
"ஏழு வருடமா?" மினிபஸ் கண்டக்டர் ஒடேரா சிரிக்கிறார்.
"ஓட்டுநருக்கே அந்த உத்தரவாதம் கிடையாது."

கல்லூரிப் பெண் செப்கெமோய்
தன் முகத்தை ஒரே ஒரு படம் எடுத்தாள்.
வெகுநேரம் பேசவில்லை.
"மற்ற போன்களில் நான் சாம்பல்.
இதில்தான் கறுப்பு."
அந்தக் கடைசிச் சொல்லை
மிட்டாய்போல வாயிலேயே வைத்திருந்தாள்,
மழை விட்டபிறகும்.

சீருடைப் பையன்கள் மூவருக்கு
அழிப்பான் மேல்தான் கண்.
படத்தில் பின்னால் நின்ற காவலாளி பராசாவை
விரலால் வட்டமிட்டார்கள்.
ஆள் இருந்த இடத்தில் சுவர்,
செங்கல் செங்கலாக, பிசிறில்லாமல்.
பராசா எட்டிப் பார்த்தார்.
"சம்பளத் தேதியில் முதலாளியும் இதைத்தான் செய்கிறார்.
இவ்வளவு சுத்தமாக வராது."

ஞாயிறு பத்திரிகை பத்துக்கு ஏழரை போட்டிருந்தது.
கையில் கனக்கிறதாம், விளையாடினால் சுடுகிறதாம்,
போன வருடத்து மாடலிலிருந்து பெரிய மாற்றம் இல்லையாம்.
இருக்கலாம்.
போன வருடத்து மாடலையும்
இந்தக் கயிற்றில்தான் பார்த்தோம்.

வியாழன்தோறும் ஒருவர் வருவார், வம்புவா.
நகக்கண்ணில் சிமெண்ட்.
தன்னைப் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்.
கயிறு எட்டும் மட்டும் வாசல் பக்கம் இழுத்து
எதிர்க் கட்டடத்தின் பதினான்காம் மாடிக்கு ஜூம் வைப்பார்.
முப்பது மடங்கில் ஜன்னல்.
அறுபதில் ஜன்னலடியில் ஒரு திட்டு.
நூறில் கை நடுங்கி எல்லாம் நழுவும்;
போன் தானாக நிதானித்துப் பிடித்துக்கொள்ளும்.
பூச்சு காய்வதற்குள் யாரோ பதித்த உள்ளங்கை.
ஐந்து விரலும் விரித்து.

"யாருடையது?" என்றேன்.
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
போனைப் பார்ப்பதுபோலவே.
"வேலை முடிந்ததும் லிப்டில் ஏறவிடமாட்டார்கள், க்வாம்போகா.
இங்கிருந்துதான் தெரிகிறது."

இரவு ஷட்டரை இறக்குமுன் ரீசெட் செய்யவேண்டும்.
உத்தரவு.
அன்றைய முகங்கள் எழுபதோ எண்பதோ:
பல் தெரிய, நாக்கு நீட்டி,
பாதி நெற்றி மட்டும், யாரோ ஒருவர் கண்மூடி.
எல்லாவற்றையும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான்
'சரி'யை அழுத்துவேன்.
சக்கரம் ஒன்று சுற்றும். பிறகு
வணக்கம் என்று பதினெட்டு மொழிகளில்
யாரையும் பார்த்திராததுபோல விழிக்கும்.

வியாழக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் தாமதம்.
என் பழைய போனை அந்தத் திரைமேல் பிடித்து
படத்தைப் படம் எடுப்பேன்.
கோடு கோடாக, நீலம் பாய்ந்து விழும்.
உள்ளங்கை என்று சொன்னால்தான் தெரியும்.

கம்பெனியிலிருந்து படிவம் வந்தது.
திரை? ஐந்து நட்சத்திரம்.
கேமரா? ஐந்து.
வாடிக்கையாளர் வரவேற்பு?
அதற்கு விட்ட கட்டத்தில் இடம் போதவில்லை,
'கூட்டம்' என்று எழுதினேன்.
எத்தனை விற்றது? ஒன்று.
வாங்கியவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை,
டிரைவர் வந்து பெட்டியை எடுத்துப் போனார்.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது?
தெரியவில்லை, ஐயா.
ஒருநாளும் அது ஒயரை விட்டு இறங்கியதில்லை.