மாற்றுப்பாதை

ஆரஞ்சுப் பலகை, கறுப்பு அம்புக்குறி,
மேலே 'லென்சோங்கான்' என்று மலாயில்.
அதை நடுவதுதான் என் வேலை.
ஜாலான் ஈப்போவில் பள்ளம் தோண்டினால்
இரவு பதினொன்றுக்குக் கூம்புகளோடு வருவேன்.
வண்டிகள் என்னைத் திட்டிக்கொண்டே
நான் காட்டிய பக்கம் திரும்பும்.

அதனால்தான் டாக்டர் ஃபரீடா
கையுறைப் பெட்டியின் முதுகில்
ஓர் இதயத்தை வரைந்தபோது
எனக்குச் சட்டென்று விளங்கியது.
நுரையீரல் இன்னும் திறக்காத சாலை.
உள்ளே தண்ணீர்; அங்கே போய் என்ன பயன்?
ஆகவே இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே
ஒரு குறுக்குச் சந்து.
ஏழு மாதமும் ரத்தம்
அந்த வழியாகவே புழங்கியது.
மூடாதே, மூடாதே என்ற தகவல்
நஞ்சுக்கொடியிலிருந்து வந்தபடி இருந்தது.
நஞ்சு என்று அதற்குப் பேர் வைத்தவன்
எவனோ.

நிறைமாதப் பிள்ளைக்கு
முதல் அழுகையில் காற்று நுழைந்ததுமே
சந்து சுருங்கத் தொடங்கிவிடுமாம்.
ஒரு நாள், இரண்டு நாள்,
மிஞ்சினால் மூன்று.
யாரும் விசில் ஊத வேண்டாம்.

எங்களுடையது அவசரப்பட்டு வந்தது.
தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
கால்பட்டையில் பெயர் இல்லை,
'யோகமலரின் குழந்தை' என்று மட்டும்.
சந்துக்கு யாரும் சொல்லவில்லை போல,
திறந்தே கிடந்தது.
இப்போது எதிர்த் திசையில்:
உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் திரும்பி வந்து
நுரையீரலை நனைத்தது.

ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டினார்.
எங்கள் சைட்டில் கம்ப்ரஸர் ஓடும் சத்தம்.
நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை.

மருந்து வேறொன்றுமில்லை,
காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பனடோல் சாமான்.
ஆறு மணிக்கொரு தரம், நரம்பு வழியாக.

திறப்பது லேசு. மூடுவதுதான் பாடு.
செந்தூலில் ஒருமுறை
மாற்றுப்பாதையை எடுத்து ஆறு மாதமாகியும்
ஒரு புரோட்டோன்காரர்
மூடிய சந்தின் வாயில் நின்று
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

'என்கிட்ட இருந்துதானே அந்தத் தகவல் போச்சு'
என்றாள் யோகமலர், இரண்டாம் இரவு.
'நான்தானே திறந்து வச்சேன்.'
எனக்கு வாய் வரவில்லை.
பசியாறினாயா என்று கேட்டேன்.
மணி அப்போது ஒன்றரை.

நான்காம் நாள் காலை
மினுங்கும் மேல்சட்டையோடு அப்படியே போனேன்,
கையில் தார்.
மூன்று முறை கழுவச் சொன்னார்கள்.
ஸ்கேன் திரையில்
முதல் நாள் சிவப்பாய்ப் பீறிட்ட இடம்
இருட்டாக இருந்தது.
டாக்டர் கருவியை அப்படிச் சாய்த்தார், இப்படிச் சாய்த்தார்.
இருட்டுதான்.

'எடுத்துவிடுவீர்களா அதை?'
'எதற்கு? நாராகி அங்கேயே கிடக்கும்,
அவள் கிழவியாகும் வரை.'

மறுபடி காதில் மாட்டினார்.
லப்.
கொஞ்சம் இடம்.
டப்.
அந்த இடத்தில்
எந்த வண்டியும் ஓடவில்லை.

யோகமலருக்குச் சொல்ல
நான்காம் மாடி வரை வாசகம் கட்டினேன்:
நீ திறந்து வைக்கச் சொன்னாய், அது வைத்திருந்தது,
அதனால்தான் இவள் வந்து சேர்ந்தாள்.
லிஃப்ட் திறந்தது. எதிரே நின்றிருந்தாள்,
கையில் சின்னப் புட்டி.
'மூடிடுச்சு' என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கழித்துப் புட்டியை நீட்டினாள்,
'ஆறு மில்லிதான்.
ஆறிப்போறதுக்குள்ள கீழ கொண்டுபோய்க் குடுங்க.'