காலி வண்டி எடை

முத்துக்கடை தாண்டி, பெட்ரோல் பங்குக்கு எதிரே
அறுபது டன் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
முதலில் காலி வண்டி, பிறகு லோடு,
கழித்தால் சரக்கு.
ரோஸ் நிறச் சீட்டு, கையெழுத்து, அடுத்த வண்டி.

வீட்டில் இன்னொரு மேடை,
குளியலறை வாசலில்.
அதில் ஏறுவது ஒரே வண்டி.
ஐம்பத்திரண்டு நாளாகத்
தொண்ணூற்று நாலு புள்ளி ஆறு.
பேட்டரி மாற்றினேன்.
தரையை மாற்றினேன்.
விடியலில், ஈரத்தலையோடு, ஈரமில்லாமல்,
மூச்சைப் பிடித்துக்கொண்டும்கூட.

வேலூரில் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம்.
இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள்.
நூற்று இருபத்தெட்டாகப் போனவள்.
முதல் மாதமே பதினொன்று இறங்கி,
கல்யாண மோதிரம் இட்லி மாவில் கழன்று விழுந்தது.
அதைத் தேடிக் கலக்கும்போது சிரித்தேன்.

அப்புறம், காட்பாடி அவுட்டரில்
ரயில் நிற்குமே காரணம் சொல்லாமல்,
ஸ்டேஷன் விளக்கு கண்ணுக்குத் தெரியும்,
இறங்கி நடக்கவும் முடியாது,
அப்படி நின்றுவிட்டது.

அரை இட்லி. மூன்று கரண்டி பருப்பு.
தின்று அரை மணி கழித்துத்தான் தண்ணீர்.
சுண்ணாம்பு கரைத்தது போலப் புரோட்டீன் பவுடர்.
சீப்பில் கற்றை கற்றையாய் முடி.
முடி உதிர்ந்த எடையாவது குறைய வேண்டாமா?

"இம்மாங் காசு கொட்டியும் இவ்ளோதானா?"
நாத்தனார் ராஜகுமாரியின் கண்
என் டிபன் டப்பாவை எடை போடும்.
"தெரியாம எதுனா திங்கிறியா?"
தின்றேன். ஒரே ஒரு நாள்.
ஆற்காட்டு மக்கன் பேடா, பாதி.
பத்து நிமிடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ள
பங்கின் கழிப்பறையில் வியர்த்துக் கிடந்தேன்.
மீதிப் பாதியைத் தின்ற பங்குப் பையன்
நல்லா இருக்குதுக்கா என்றான்.

டயட் சொல்லும் ஹெப்சிபா எடை மெஷினைத் தொடவே இல்லை.
டேப் எடுத்து வயிற்றைச் சுற்றினாள்.
போன முறைக்கு நாலு செண்டிமீட்டர் குறைவு.
எடை, இடை.
ஓரெழுத்துதான் வித்தியாசம்.
அதைத் தெரிந்துகொள்ள
இரண்டு பஸ், ஓர் ஆட்டோ, அரை நாள் சம்பளம்.
மலர்க்கொடி என்று பெயர் வைத்தவர்களுக்கு
இந்தக் கணக்கை அனுப்ப வேண்டும்.

நேற்று மேல்விஷாரம் போகும் தோல் லாரி.
உப்புப் போட்ட பச்சைத் தோல், மூக்கைப் பிடிக்கும் வாடை.
முந்தின நாள் எடைக்கு நூற்று நாற்பது கிலோ குறைந்தது.
திருடிட்டான்னு சொல்லப்போறாங்க என்று
டிரைவர் கலீம் பதறினான்.
"ராத்திரி பூரா உப்புத்தண்ணி ஒழுகிச்சுக்கா.
தோலு ஒண்ணுகூடக் குறையல. அப்டியேதான் கீது."
மேடையில் சொட்டிய தண்ணீரைக் காட்டினான்.
சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.
பேனா பிடித்த கையின் அடியில்
தொங்கி ஆடியது என் சொந்தத் தோல்.
லோடு இறங்கிப்போய்
தார்ப்பாய் மட்டும் மிச்சமானது போல.

இரவு ஒன்பதுக்குமேல் வண்டி வரவில்லை.
இறங்கிப் போய் மேடையின் நடுவில் நின்றேன்.
இருநூறு கிலோவுக்குக் கீழே நம்பாதே என்று
இரும்புத் தகட்டில் எழுதியிருக்கிறது.
பத்துப் பத்தாகத்தான் தாவும் மெஷின்.
போன வருஷம், யாரும் பார்க்காத இன்னொரு இரவில்,
நூற்று முப்பது என்றது.
நேற்று, கூண்டுக் கண்ணாடிக்குள் சிவப்பாய்: தொண்ணூறு.

தெரியும், பொய்.
நாலு புள்ளி ஆறை விழுங்கிவிட்ட பொய்.
ஆனாலும் இருநூறடி தார்ச்சாலைக்குத் தெரிகிற மாதிரி
எனக்காக ஒரு எண் எரிந்துகொண்டிருந்தது.

கூண்டுக்குத் திரும்பி அதைச் சீட்டில் எழுதினேன்.
வண்டி எண் இல்லை. சரக்கு இல்லை.
மொத்த எடை: தொண்ணூறு.
காலி வண்டி எடை என்ற இடத்தில்
பேனா நின்றது.
வெளியே ஒரு கரும்பு லாரி ஹாரன் அடித்தது,
வரட்டுமா என்று.